பன்னிரண்டு நொடிப் பச்சை

மார்ச் 3

அக்கா,

இதை யாரிடமும் சொல்லிவிடாதே, முக்கியமாக ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் உன் தோழி, அந்த ரிட்டயர்ட் நர்ஸிடம். போன செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில், அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் பூங்காவில், நானே வரைந்து நானே கையெழுத்துப் போட்ட ‘மூத்தோர் இருக்கை, மாதிரி இரண்டு’ என்கிற பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்காருவது சுலபமாகத்தான் இருந்தது. எழுந்திருப்பதுதான் நடக்கவில்லை. பெஞ்சு தாழ்வு, பிடித்து எழக் கைப்பிடி கிடையாது. இரண்டு தரம் முன்னால் சாய்ந்து பார்த்தேன். மூன்றாவது தரம் இடுப்பில் ஏதோ ‘வேண்டாம்’ என்றது. அதற்குப் பிறகு கால் மணி நேரம், ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு யாருடனோ முக்கியமாகப் பேசுகிற மாதிரி நடித்தேன். “ஆமாம், ஆமாம், அந்த ஃபைல் என் மேஜையில்தான் இருக்கு” என்றெல்லாம் சொன்னேன். கடைசியில் பூங்கா பெருக்குகிற அம்மா துடைப்பக் கட்டையை நீட்டி, “பிடிச்சுக்குங்க பெரியவரே” என்றார். அவருக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும்.

முதலில் நான் கைப்பிடி வைத்துத்தான் வரைந்தேன். கைப்பிடி வைத்தால் மூன்று பேர் உட்காருகிற இடத்தில் இரண்டு பேர்தான் உட்கார முடியும் என்று எங்கள் அலுவலகக் குழுவில் சொன்னார்கள். மூன்று பேர் என்றால் அறிக்கையில் ஒன்றரை மடங்கு பயனாளிகள். நானும் தலையாட்டிவிட்டு ரப்பரை எடுத்துக் கைப்பிடியை அழித்தேன். மூத்தோர் நலனுக்காக நான் ஆறு வருஷமாகச் செய்துவரும் தொண்டு பெரும்பாலும் இந்த ரப்பரால்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதச் சண்டையில், வாய் தவறி, அலுவலகப் பழக்கத்தில், “எதுவா இருந்தாலும் எழுத்துல குடு” என்று உன்னிடம் சொல்லிவிட்டேன். ஃபோனை வைத்தாய், அதன் பிறகு எடுக்கவே இல்லை. இருபத்தாறு தரம் கூப்பிட்டிருக்கிறேன். நீ என்னை எழுத்தில் பிடித்துவிட்டாய் என்று புரிகிறது. அதனால் நானே முதல் கடிதம் எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகம் இங்கே நடத்தும் மூத்தோர் குடியிருப்பில் உன் பெயரை உன்னைக் கேட்காமல் பதிவு செய்தது தப்பு. ஆனால் வீட்டை ஒரு தரம் மனதில் நினைத்துப் பார். இரண்டாம் கட்டடம், தரைத்தளம், பதினாலாம் எண். எந்த வாசலிலும் படி கிடையாது, காலில் எதுவும் தடுக்காது. குளியலறையில் மூன்று இடத்தில் கைப்பிடி (குழு இதைப் பார்க்கவில்லை, தப்பித்தது). கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கயிறு தொங்கும், இழுத்தால் ஆள் வரும். என் வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். இப்போது உன்னைப் பார்க்க நான் ஏழு மணி நேரம் பஸ்ஸில் வரவேண்டியிருக்கிறது, அதனால்தான் வருஷத்துக்கு ஒரு தரம் வந்து, வந்ததும் தூங்கிவிடுகிறேன்.

உனக்கு எழுபத்தொன்று. அத்தான் போய் நாலு வருஷமாகிறது. இந்த மாதம் 31-ஆம் தேதிக்குள் நீ கையெழுத்துப் போடவில்லை என்றால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்தவர் யார் தெரியுமா, எங்கள் சூப்பிரண்டுடைய மாமியார். சூப்பிரண்டு தினமும் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று உன் உடல்நலம் விசாரிக்கிறார்.

இங்கே எல்லாரும் சுகம். நான்தான் களைத்துப் போயிருக்கிறேன்.

உன் தம்பி

*

மார்ச் 9

தம்பி,

எழுத்துல கேட்டே, எழுத்துல தர்றேன்.

முப்பத்தொரு வருஷம் விளையாட்டு டீச்சரா இருந்திருக்கேன். கையைத் தூக்காத எந்தப் பிள்ளையோட பேரையும் நான் டீம்ல சேர்த்ததில்லை. நீ என் பேரை எங்கேயோ ஒரு லிஸ்ட்ல சேர்த்துட்டு, அப்புறம் ஃபோன் பண்ணி “அக்கா, உனக்கு ஒரு நல்ல சேதி” ன்னு சொன்னே. அந்தக் குரல் எனக்குத் தெரியும். சின்ன வயசுல என் சைக்கிளை எடுத்துட்டுப் போய் வளைச்சுட்டு வந்தப்பவும் அதே குரல்லதான் பேசினே.

கைப்பிடி என் குளியலறையிலும் இருக்கு. அத்தானுக்காகக் கடைசி வருஷம் வெச்சது. இப்ப எனக்கு ஆகுது. வாசல்ல படி இருக்கு, ஆனா அது எத்தனை உயரம்னு என் காலுக்குத் தெரியும். கயிறு இழுத்தா ஆள் வரும்னு சொல்றே. இங்கே நான் விசில் ஊதினா நர்ஸ் வருவா. வந்துக்கிட்டிருந்தா.

இப்ப வர்றதில்லை. நானும் போறதில்லை. அதையும் எழுதறேன், நீ கேட்கலைன்னாலும்.

இந்த ரோட்டுக்கு அந்தப் பக்கம் நர்ஸ் வீடு, மருந்துக்கடை, நூலகம், பஸ் நிக்கிற இடம். இந்தப் பக்கம் நானும் ஒரு டயர் கடையும். கடக்கிறதுக்கு ஒரே ஒரு சிக்னல். பச்சை மனுஷன் நடக்க ஆரம்பிச்சதும் நான் எண்ண ஆரம்பிப்பேன், பழக்க தோஷம். பன்னிரண்டு. அதுக்கு மேலே அவன் நிக்க மாட்டான், சிவப்பாயிடுவான். எனக்கு இருபது, இருபத்தொண்ணு ஆகுது. முன்னெல்லாம் வண்டி குறைச்சல், சிவப்பானாலும் நடந்து முடிச்சுடுவேன். இப்ப வண்டி நிக்கறதில்லை, ஒரு நாள் பாதி ரோட்டுல மாட்டினேன். நடுவுல இருக்கிற திட்டுல ஒரு செடித்தொட்டி இருக்கு, அதைப் பிடிச்சுக்கிட்டு நாலு சிக்னல் நின்னேன். ஒரு லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, “அம்மா, முடிவு பண்ணிட்டு இறங்குங்க” ன்னார். கோபமா சொல்லலை. யோசனையாத்தான் சொன்னார்.

அதுக்கப்புறம் நான் இறங்கலை. ஏழு வாரம் ஆச்சு. மருந்தை டயர் கடைக்காரர் வாங்கிக் குடுக்கிறார். புத்தகம் இல்லை. சாயந்திரம் நாலு மணிக்கு நான் மாடிப்படியில நின்னு விசில் ஊதுவேன். நீளமா ஒண்ணுன்னா நல்லா இருக்கேன். அவ பால்கனியில துண்டை ஆட்டுவா. குறுக்கால பஸ் போச்சுன்னா துண்டு தெரியாது, மறுபடி ஊதணும். டயர் கடைக்கு வர்றவங்க போலீஸ்னு நினைச்சு வண்டியை ஓரமா நிறுத்திடறாங்க.

நாங்க தினமும் ஆடற கேரம் போர்டு கனம், அதனால எப்பவும் என் வீட்டிலதான் இருக்கும். ஏழு வாரத்துக்கு முன்னாடி, காயெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடுச்சு, கழுவிக் காய வெச்சு எடுத்துட்டு வர்றேன்னு நர்ஸ் டப்பாவோட கொண்டு போனா. இப்ப போர்டு என்கிட்ட, காய் அவகிட்ட.

கையெழுத்துப் போட மாட்டேன். ஆனா ஒண்ணு கேட்கணும். இந்த மாதிரி ரோடு, பெஞ்சு, சிக்னல் எல்லாம் பார்க்கிற ஆபீஸ்லதானே நீ இருக்கே. எந்தெந்த ஊருக்கோ எழுதிக் குடுக்கிறதா பெருமை அடிச்சுக்குவே. பன்னிரண்டுன்னு முடிவு பண்ணினவன் யாருன்னு விசாரிச்சுச் சொல்லு. அவனை நான் ஒரு தரம் நேர்ல பார்க்கணும்.

அக்கா

*

மார்ச் 14

அக்கா,

அவனை நீ பார்த்திருக்கிறாய். அவனுக்கு ஐந்து வயதாகும் வரை நீதான் தலை வாரிவிட்டாய்.

உன் கடிதத்தில் ‘பன்னிரண்டு’ என்று பார்த்ததும் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். ஃபைலை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் எடுத்துப் பார்த்தேன். ‘மூத்தோர் பாதுகாப்பாகச் சாலையைக் கடப்பது: கள ஆய்வும் பரிந்துரையும்.’ நாற்பத்திரண்டு பக்கம். அட்டையில் ஒரு பெரியவர் கைத்தடியோடு சிரிக்கிறார். பரிந்துரை: பச்சை விளக்கு பன்னிரண்டு நொடி. தயாரித்தவர் இடத்தில் என் கையெழுத்து, வால் நீட்டி, கீழே இரண்டு புள்ளி வைத்து.

இனிமேல் சொல்லப் போவதை உட்கார்ந்து படி. கைப்பிடி உள்ள நாற்காலியில்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வெயில் காலத்தில், உன் வீட்டுக்கு வந்தேனே, அது வெறுமனே உன்னைப் பார்க்க வந்தது இல்லை. உங்கள் ஊரில் முப்பது முதியவர்களை அந்தச் சிக்னலில் நடக்கவைத்து நேரம் எடுத்து வா என்று அனுப்பினார்கள். கையில் ஸ்டாப் வாட்ச், கழுத்தில் அடையாள அட்டை, தலையில் வெயில். காலையில் போய் நின்றேன். முதலில் வந்த பெரியவரிடம், “ஐயா, உங்களைக் கொஞ்சம் அளக்கலாமா” என்றேன். அவர், “எதுக்கு, சவப்பெட்டிக்கா” என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டாவது அம்மா தன் மருமகளைப் பற்றி முக்கால் மணி நேரம் சொன்னார், நடக்கவில்லை. மூன்றாவது நீ. நீ வீட்டிலிருந்து என்னைத் தேடி வந்தாய். “நான் நடக்கறேன் பாரு” என்று புடவையைத் தூக்கிச் செருகினாய். வாட்சை அழுத்தினேன். பதினோரு நொடி.

பதினான்கு மீட்டர் அகலம், அறுபத்தொன்பது வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம், பதினோரு நொடி. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. உன் வீட்டுக்கு வந்து, ஃபேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு, மீதி இருபத்தொன்பது பேரை நான் எழுதினேன். ஒருவருக்குப் பத்தரை, ஒருவருக்குப் பதினொன்றரை, பக்கவாதம் வந்தவர் என்று ஒருவருக்குப் பதினொன்றே முக்கால். ஒவ்வொருவருக்கும் வயதும் வியாதியும் கொடுத்தேன். யாருக்கும் அநியாயம் செய்யக்கூடாது என்று சராசரியோடு கருணைக்கு ஒரு நொடி சேர்த்தேன். அதுதான் உன் பன்னிரண்டு.

அந்த அறிக்கைக்குக் கூட்டத்தில் கைதட்டினார்கள். ‘நமது மூத்தோர் நாம் நினைப்பதைவிடத் துடிப்பானவர்கள்’ என்கிற வரியை ஒரு அதிகாரி இரண்டு தரம் வாசித்தார்.

ஆக, முப்பது முதியவர்களாக இருப்பது நீ ஒருத்திதான். உன் ஊரில் எத்தனை பேர் அந்தச் செடித்தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களோ, அத்தனை பேரும் என்னால்தான் நிற்கிறார்கள். நான் தூங்கி மூன்று நாளாகிறது. சாப்பாட்டு இடைவேளையில் கொஞ்சம் கண் அசந்தேன், அது கணக்கில் வராது.

ஒன்றுதான் புரியவில்லை. பதினோரு நொடியில் கடந்தவள் இரண்டு வருஷத்தில் இருபத்தொன்றுக்கு எப்படி வந்தாய்? டாக்டரைப் பார்த்தாயா? உண்மையைச் சொல்.

தம்பி

*

மார்ச் 19

தம்பி,

நான் டாக்டரைப் பார்க்க வேண்டியதில்லை. நான் அப்பவும் இருபதுதான்.

அன்னிக்குக் காலையில நீ என்ன சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்காது. காபி குடிச்சுக்கிட்டே நர்ஸ்கிட்ட, “எங்க அக்கா ஒரு காலத்துல ஸ்கூலையே சுத்தி ஓடுவாங்க, இப்ப பாத்ரூமுக்குப் போறதே பெரிய பயணம்” ன்னு சொல்லிச் சிரிச்சே. அவளும் சிரிச்சா. நானும் சிரிச்சேன். நீ வாட்சை எடுத்துட்டுக் கிளம்பினதும் நான் உள்ளே போய் வலி மாத்திரை ரெண்டு போட்டேன். ரெண்டு முட்டியிலயும் துணிக்கட்டு இறுக்கினேன். முக்கால் மணி நேரம் மாத்திரை வேலை செய்யட்டும்னு உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் வந்தேன்.

நான் நடக்கலைடா. ஓடினேன். புடவை மறைச்சதால உனக்கு நடை மாதிரி தெரிஞ்சுது. பிள்ளைங்களுக்கு நடைப் போட்டி வெச்சப்ப, குதிகால் தரையில படணும், இல்லைன்னா அது நடை இல்லைன்னு எத்தனை பேரை வெளியேத்தியிருக்கேன். அன்னிக்கு என் குதிகால் ஒரு தரம்கூடப் படலை. நானே என்னை வெளியேத்தியிருக்கணும்.

நீ பஸ் ஏறினதும் படுத்தேன். மூணு நாள் எழுந்திருக்கலை. நீ ஃபோன் பண்ணினப்ப மார்க்கெட்ல இருக்கேன்னு சொன்னேனே, பின்னாடி சத்தம் கேட்குதேன்னு நீயும் சொன்னியே, அது நர்ஸ். தைலம் தேச்சுக்கிட்டே திட்டிக்கிட்டிருந்தா.

ஆக நீ இருபத்தொன்பது பேரைப் பொய்யா எழுதினே. முப்பதாவது ஆள் நான், நானும் பொய். உன் அறிக்கையில ஒரு உண்மையான கால் கூட இல்லை.

இதைச் சிரிப்பா எழுத நினைச்சேன். முடியலை. திங்கட்கிழமை நாலு மணிக்கு நான் விசில் ஊதினேன், துண்டு ஆடலை. மறுபடி ஊதினேன். எட்டிப் பார்த்தா, சிக்னல்ல நிக்கறா, கையில காய் டப்பா. எழுபத்து நாலு வயசு. எனக்காக வர்றா. நான் வேண்டாம்னு விசிலை ஊதிக்கிட்டே இருக்கேன், அவ அதைச் சீக்கிரம் வான்னு எடுத்துக்கிட்டா. பாதியில சிவப்பு. ஒரு பைக் உரசிட்டுப் போச்சு. விழுந்துட்டா. மணிக்கட்டுல எலும்பு விரிசல். ரோடு முழுக்கக் கேரம் காய். டயர் கடைக்காரர் வண்டியெல்லாம் நிறுத்திட்டு அவளைத் தூக்கி அந்தப் பக்கம் கொண்டு போனார். அந்தப் பக்கம். அவ வீட்டுக்கு. நான் இங்கேயிருந்து பார்த்துக்கிட்டிருந்தேன். என் தோழி விழுந்தா, நான் பதினாலு மீட்டர் தள்ளி மாடிப்படியில நிக்கறேன்.

அப்புறம் டயர் கடைக்காரர் காய்களைப் பொறுக்கிட்டு வந்து குடுத்தார். சிவப்புக் காயைக் காணோம்.

நான் இங்கே இருக்கிறவரைக்கும் அவ இறங்குவா. எனக்குத் தெரியும், அவ இடத்துல நான் இருந்தா நானும் இறங்குவேன். அடுத்த தரம் அது பைக்கா இருக்காது.

அந்தப் படிவத்தை அனுப்பு. கையெழுத்துப் போடறேன். ஜெயிச்சுட்டே. சந்தோஷமா இருக்கேன்னு மட்டும் எழுதாதே.

அக்கா

*

மார்ச் 26

அக்கா,

படிவம் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. அதை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

உன் கடிதம் வந்த மறுநாள் நான் உங்கள் ஊருக்கு வந்தேன். ஆமாம், வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. எந்த முகத்தோடு வருவது? வெள்ளி, சனி இரண்டு நாளும் மருந்துக்கடை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். தொப்பி போட்டிருந்தேன், நீ அடையாளம் கண்டுபிடிக்கக்கூடாது என்று. நாலு மணிக்கு நீ மாடிப்படியில் வந்து நின்று விசில் ஊதியதைப் பார்த்தேன். நர்ஸ் இடது கையால் துண்டை ஆட்டியதையும் பார்த்தேன். வலது கையில் மாவுக்கட்டு போட்டிருந்தது. அவர் பால்கனியிலிருந்து குனிந்து என்னைப் பார்த்து, “தொப்பிக்காரரே, டீ வேணுமா” என்று கேட்டார். தெரிந்துதான் கேட்டார் என்று நினைக்கிறேன். உன்னிடம் சொல்லமாட்டேன் என்றார். சொல்லியிருப்பார்.

இந்தத் தரம் முப்பது பேரை நிஜமாகவே அளந்தேன். காலையில் நூலகத்துக்குப் போகிறவர்கள், பத்து மணிக்கு மருந்துக்கு வருகிறவர்கள், சாயந்திரம் சும்மா நடக்கிறவர்கள். சவப்பெட்டிக்கா என்று கேட்டாரே, அந்தப் பெரியவரும் வந்தார். இன்னும் அதையேதான் கேட்டார், ஆனால் நடந்தார். பத்தொன்பது. சிலர் பாதியில் நின்று மூச்சு வாங்கினார்கள். ஒருவர் முப்பத்தொன்று. சராசரி இருபத்திரண்டு. பன்னிரண்டுக்குள் கடந்தது ஒரே ஒருவர், அவர் பயந்து ஓடினார், கடந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போய்த் தண்ணீர் கொடுத்தேன். உன் ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை குழுவில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்தொன்பது பேரும் என் கற்பனை, முப்பதாவது என் அக்கா, அவளும் ஓடினாள் என்று. சூப்பிரண்ட் என் காதருகே குனிந்து, இதையெல்லாம் குறிப்பில் ஏற்ற வேண்டாம், ‘மறு ஆய்வில் மாறுபட்ட முடிவுகள் கிடைத்தன’ என்று எழுதிக்கொள்ளலாம் என்றார். பிறகு போக்குவரத்து அதிகாரி ஆரம்பித்தார். ஒவ்வொரு நொடிக்கும் எத்தனை வண்டி தேங்கும் என்று அவரிடம் ஒரு படம் இருந்தது, சிவப்பாக. பதினான்கு தருகிறேன் என்றார். நான் இருபத்திரண்டு என்றேன். பதினாறு என்றார். துணிக்கடையில் நிற்கிற மாதிரி இருந்தது. கடைசியில் நான், என் அக்கா கடக்க முடியாததால் வீட்டைப் பூட்டிவிட்டு எங்கள் குடியிருப்புக்கு வருகிறாள், அவள் மாதிரி எல்லாரையும் இடம் மாற்றுவதா, பத்து நொடி தருவதா, எது சுலபம் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. அதற்காக வெட்கப்படுகிறேன், ஆனால் அதுதான் வேலை செய்தது. இருபத்திரண்டு என்று எழுதிக்கொண்டார்கள். ஆணை உங்கள் ஊர் மின் பிரிவுக்குப் போயிருக்கிறது. எப்போது வந்து மாற்றுவார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆணை போவதற்கும் ஆள் போவதற்கும் நடுவில் என்ன நடக்கும் என்பது இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் எனக்குப் பிடிபடவே இல்லை.

என்னைப் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பதை நான் இனித் தொடக்கூடாது என்று அர்த்தம். நியாயம்தான்.

படிவத்துக்கு வருகிறேன். 31-ஆம் தேதி சாயந்திரம் வரை அது உன்னிடம் இருக்கலாம். உன் பேரை எழுதும்போது உன்னைக் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன்: உனக்கு என்ன வேண்டும்? வருவதானால் வா, பஸ் நிலையத்தில் நிற்கிறேன். வேண்டாம் என்றால் கிழித்துவிடு, சூப்பிரண்டின் மாமியார் நீடூழி வாழட்டும். விளக்கு மாறுகிற வரையில் நர்ஸை இறங்க விடாதே. விசிலை ஊதாதே, துண்டை மாற்றிப் பிடி, ஏதாவது செய்.

எனக்கு உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் ஆசை. உனக்காக என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் எனக்காகத்தான். இங்கே என்னைத் திட்ட ஆள் இல்லை.

தம்பி

*

ஏப்ரல் 2

தம்பி,

தொப்பியை நான் வெள்ளிக்கிழமையே பார்த்துட்டேன். அது அத்தானோட தொப்பி. போன தரம் வந்தப்ப எடுத்துட்டுப் போயிருக்கே. சாப்பிட வருவேன்னு ரெண்டு நாளும் கூடுதலா சமைச்சேன். டயர் கடைக்காரர் சாப்பிட்டார்.

31-ஆம் தேதி காலையில படிவத்தை மேஜையில விரிச்சு வெச்சு, பேனாவைத் திறந்து, என் பேர்ல முதல் எழுத்துப் போட்டுட்டேன். அதையும் மறைக்கலை. அப்ப வெளியே ஏணி சத்தம். மின் பிரிவு ஆள் ஒருத்தர், தனியா வந்திருக்கார். பேனாவை அப்படியே வெச்சுட்டுக் கீழே இறங்கினேன். ரோட்டை இல்லை, படியைத்தான். சிக்னல் பெட்டி இந்தப் பக்கம்தான் இருக்கு.

கையில ஒரு சீட்டு வெச்சிருந்தார். அதுல ‘பச்சை நேரத்தைத் தேவைக்கேற்பத் திருத்தவும்’ ன்னு மட்டும் இருந்துச்சு. உன் இருபத்திரண்டு எந்த மேஜையில விழுந்துச்சோ தெரியலை. அவர் என்னைப் பார்த்து, “தேவைன்னா எவ்வளவும்மா” ன்னு கேட்டார். எதிர்ப்பக்கம் பால்கனியைப் பார்த்தேன். கையில கட்டோட நிக்கறா. இருபத்தஞ்சுன்னேன். அவர் பித்தானை அழுத்திப் போட்டுட்டார். உங்க குழுவில ஒரு நாள் பூரா கெஞ்சினியே, இங்கே அரை நிமிஷம்.

அப்புறம் ரெண்டு தரம் சும்மா மாத்திப் பார்த்தார். மூணாவது பச்சைக்கு நான் இறங்கினேன். எண்ணிக்கிட்டே போனேன். நடுத்திட்டுல பதினொண்ணு. அந்தச் செடித்தொட்டியைத் தொடலை. அந்தக் கரையில கால் வெச்சப்ப இருபத்தொண்ணு. குதிகால் ஒவ்வொரு தரமும் பட்டுச்சு. இன்னும் நாலு மிச்சம் இருந்துச்சு, என்ன பண்றதுன்னு தெரியாம அங்கேயே நின்னேன். நர்ஸ் கீழே வந்து, “ஏன் நிக்கறே, பத்து வாரமா நின்னது போதாதா” ன்னா. அவ வீட்டுக்குப் போய் அவ கைக்குத் தைலம் தேச்சேன். கட்டு இருக்கிற இடத்துல தேய்க்கக்கூடாதாம், அதுக்கும் திட்டினா.

நேத்து அவ வந்தா. இடது கையால ஆடறா, அப்பவும் ஜெயிக்கறா. சிவப்புக் காய்க்குப் பதிலா ஒரு சட்டைப் பித்தான். உன் படிவத்தோட பின்பக்கம் வெள்ளையா நல்லா இருந்துச்சு, பாயிண்ட் எழுதறோம். முன்பக்கம் என் பேர்ல முதல் எழுத்து மட்டும் இருக்கு, அடிச்சுடலை, இருக்கட்டும். அடுத்த வருஷம் முட்டி என்ன சொல்லுதோ யாருக்குத் தெரியும். அப்ப நானே கையைத் தூக்கறேன். திட்டறதுக்கு ஆள் வேணும்னா ஃபோன் பண்ணு, இனிமே எடுக்கறேன்.

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிக்கறேன். நீ தூக்கம் கெட்டு, குழுவில எழுந்து நின்னு, இருந்த பிரிவைத் தொலைச்சு, நானும் நீயும் ஒருத்தருக்கொருத்தர் அத்தனையும் சொல்லி அழுதாச்சு. அந்தப் பெட்டிக் கதவுக்குள்ளே ஒரு அட்டை ஒட்டியிருக்கு, எப்ப எந்த நேரம் மாத்தினாங்க, யார் மாத்தினாங்கன்னு எழுதறதுக்கு. அந்த ஆள் தன் பேரை எழுதறப்ப நானும் எட்டிப் பார்த்தேன். அவருக்கு மேலே ஒரே ஒரு வரிதான் இருக்கு, உன் அறிக்கைக்கும் முன்னாடி எழுதினது. விளக்கு வெச்ச நாள், அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, பச்சை, பன்னிரண்டு. அது கம்பெனியிலிருந்து வர்றப்பவே அப்படித்தான் வருமாம்.